கையில் டிக்கெட் இருக்கு, பாஸ்போர்ட்டைக் காணோம்!



பட்டா, வருமானச் சான்று, குடும்ப அட்டை என்று உள்ளூர்ச் சேவைகளைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் கடல் தாண்டிப் போகலாம். கடவுச்சீட்டு வழங்குவது மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகம்தான். ஆனால் அது தொலையும்போது அலைவது நம் ஊர் மக்கள். அதனால் இதை நாமும் பேசியாக வேண்டும்.

நீங்க மலேசியாவுக்குச் சுற்றுலா போயிருக்கீங்கன்னு வச்சுக்குவோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் அங்கே 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்றாகிவிட்டது. திருச்சியில் ஏறினால் நேராகக் கோலாலம்பூரில் இறங்கலாம். பத்துமலைக் கூட்டத்தில் கைப்பை காணாமல் போகிறது. (அங்கே பறிப்பது மனிதர்கள் மட்டுமில்லை, குரங்குகளும்தான். அதையும் கவனத்தில் வச்சுக்கோங்க.) பைக்குள் பணம், அட்டை, பாஸ்போர்ட் மூன்றும் இருந்தன. இப்ப என்ன செய்யணும்?

வங்கி அட்டையை முடக்கச் சொல்லி உடனே போன் செய்வீங்க, அது சரி. அடுத்து நேராகத் தூதரகத்துக்கு ஓடத் தோணும். அங்கே போனால் முதல் கேள்வியே "போலீஸ் ரிப்போர்ட் எங்கே?" என்பதுதான். ஆகவே முதலில் பக்கத்தில் உள்ள காவல் நிலையம். மலேசியாவில் பெயர்ப்பலகையில் 'பாலாய் போலிஸ்' என்று போட்டிருக்கும். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படிப் போனது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அறிக்கை மலாய் மொழியில் இருந்தாலும் உங்க பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கான்னு எழுத்து எழுத்தாகப் பாருங்க. அந்த ஒரு தாளை வைத்துத்தான் அடுத்த எல்லா வேலையும் நடக்கும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் செலவைக் கேட்பதற்கும் அதே தாள்தான் வேணும்.

பிறகு இந்தியத் தூதரகம். அங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது. அங்கேயே வேலை பார்ப்பவர்கள், படிப்பவர்கள், இன்னும் பல மாதம் தங்க வேண்டியவர்களுக்கு இதுதான் பொருந்தும். இன்னொன்று 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' எனப்படும் அவசரச் சான்று. நாலு நாளில் ஊர் திரும்ப வேண்டிய சுற்றுலாப் பயணிக்கு இதுதான் சரி. ஆனால் இது ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். இந்தியாவுக்கு வரலாம், அவ்வளவுதான். "அப்படியே சிங்கப்பூரையும் பார்த்துட்டுப் போயிடலாமே" என்பதெல்லாம் நடக்காது. வேறொரு நாட்டில் விமானம் மாறுகிற மாதிரி டிக்கெட் இருந்தால், இந்தச் சான்றோடு ஏற்றுவார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுடுங்க. நேரடி விமானம் கிடைத்தால் தலைவலி குறைவு.

சான்று எத்தனை சீக்கிரம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் உங்க போனில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்க இந்தியக் குடிமகன்தான் என்று தூதரகம் உறுதி செய்ய வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருந்தால் எண்ணைப் போட்டுப் பதிவேட்டில் பார்த்துக்கொள்வார்கள். எண்ணும் தெரியாது, நகலும் இல்லை என்றால் விசாரிக்க நேரம் பிடிக்கும். அதுவரை நீங்க விடுதி வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கணும்.

எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கேன்னு நினைக்கிறீங்களா? ஆதார் போன்றவை அதில் இருக்கும்தான். ஆனால் கைப்பையோடு போனும் போயிருந்தால்? புது போனில் உள்ளே நுழைய ஓடிபி வரணும். அது வருவது உங்க இந்திய எண்ணுக்கு. அந்த சிம் இப்போது திருடியவன் கையில். போன் பத்திரமாக இருந்தாலும் ரோமிங் போடாமல் உள்ளூர் சிம்மை மாற்றியிருந்தால் அதே கதைதான். ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற நம்மில் பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். அதனால் கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, ஊரில் இருக்கிற அண்ணனுக்கோ மனைவிக்கோ அனுப்பி வச்சுடுங்க. கூடவே விமான டிக்கெட், ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவு போட்டோ. வீட்டு ஆள் ஒருவரின் போன் எண்ணாவது மனப்பாடமாக இருக்கணும். காகித நகல் ஒன்றைப் பெட்டியின் அடியில் போட்டு வைப்பது பழைய பழக்கம்தான், ஆனால் அதற்கு சார்ஜும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

அவசரச் சான்று கைக்கு வந்ததும் பலரும் நேரே விமான நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே சிக்கல். நீங்க மலேசியாவுக்குள் வந்த முத்திரை தொலைந்த பாஸ்போர்ட்டில் இருக்கிறது. வெளியேற அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் சிறப்பு அனுமதி வேணும். அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்க. 30 நாள் கணக்கு முடிவதற்குள் இதையெல்லாம் முடிப்பது முக்கியம். பாஸ்போர்ட் தொலைந்தது என்பதற்காகத் தங்கும் காலம் தானாக நீளாது. விமான நிறுவனத்திடம் சொல்லி, பழைய பாஸ்போர்ட் எண்ணுக்குப் பதிலாகச் சான்றின் எண்ணை மாற்றிக்கோங்க. சான்றையும் ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, ஊரில் புது பாஸ்போர்ட் கேட்கும்போது கைகொடுக்கும்.

இப்ப ஒரு முக்கியமான விஷயம். சுற்றுலாப் பயணியை விட, வேலைக்குப் போனவர்களுக்கு இது அதிகம் பொருந்தும்.

பாஸ்போர்ட் தொலையவே இல்லை, முதலாளியோ ஏஜென்டோ வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். "தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு, வேற வாங்கிக்கலாம்" என்று கூட இருப்பவர்கள் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க. 1967-ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து பாஸ்போர்ட் பெறுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உண்மையைச் சொன்னால் சட்டம் உங்க பக்கம் நிற்கிறது. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. அதைப் பறித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. நடந்ததைத் தூதரகத்தில் அப்படியே சொல்லுங்க. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் பதியலாம். வீட்டில் இருப்பவர்கள் நம் அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தை அணுகலாம். அந்த உதவி எண்ணைப் பயணத்துக்கு முன்பே போனில் சேமித்து வையுங்க.

ஊர் திரும்பிய பிறகு? பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் 'ரீஇஷ்யூ' பிரிவில் விண்ணப்பிக்கணும். எப்படித் தொலைந்தது என்பதற்கான உறுதிமொழியும் (இணைப்பு 'எஃப்'), போலீஸ் அறிக்கையும் வேணும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய். தொலைத்தவர்களுக்கு 3,000. அரசு இணையதளம் மாதிரியே தோற்றம் உள்ள போலித் தளங்கள் நிறைய. முகவரியின் முடிவில் 'ஜிஓவி டாட் இன்' இருக்கான்னு பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. சந்தேகம் இருந்தால் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

வெளிநாட்டில் இல்லை, ஊர்ப் பேருந்திலேயே தொலைந்தது என்றால் நிலையத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் 'லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்' எடுக்கலாம். அந்தப் பட்டியலில் பாஸ்போர்ட்டும் உண்டு. ஆனால் அது தவறவிட்டவர்களுக்கு. திருடு போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார்தான். உள்நாட்டுப் பயணத்தில் அடையாளத்துக்காக பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு போவது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஆதார் போதுமே.

கடைசியாக, அடிக்கடி வருகிற ஒரு கேள்வி. புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் பெட்டியின் ஓரத்திலிருந்து கிடைத்துவிட்டால் அதையே பயன்படுத்தலாமா? கூடாது. தொலைந்ததாகப் பதிவானதும் அந்த எண் ரத்தாகிவிடும். தொலைந்த, திருடுபோன பயண ஆவணங்களுக்கென்று இன்டர்போல் 2002-லிருந்து ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. பல நாடுகளின் குடிநுழைவு அதிகாரிகள் அதைச் சரிபார்க்கிறார்கள். கிடைத்த பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒப்படைச்சுடுங்க. அதில் வேறு நாட்டு விசா ஏதாவது இருந்திருந்தால், தொலைந்த விஷயத்தை அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் ஒரு மின்னஞ்சலில் தெரிவிச்சுடுங்க.