இரு நிரல்களில் ஓர் உடன்படிக்கை



சங்க காலப் புறப்பாடல்களைப் படிப்பிக்கும்போது கடிமரம் பற்றி மாணவர்க்கு விளக்க நேரும். மன்னனுக்கென்று ஒரு காவல்மரம் உண்டு. பகைவன் அதனை வெட்டி வீழ்த்தினால் அந்நிலத்தின் மானமே வீழ்ந்ததாகக் கொள்வர். இதனைச் சொல்லுந்தோறும், கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுக்கூட்டம் என் நினைவுக்கு வருவதுண்டு. தம் காட்டைத் தாமே காவற்காடாக்கிய ஹைடா என்னும் பூர்வீகக் குடிகளைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

ஹைடா மக்களுக்குச் சீடர் மரமே வீடு, தோணி, பெட்டி. அதன் பட்டையே உடை. முன்றிலில் நின்று குலத்தின் கதை சொல்லும் செதுக்குத் தூணும் அதுவே. அத்தூண்களை அவர்களின் ஏடுகள் எனலாம். 1862 இல் பரவிய பெரியம்மை ஊர்களை வெறுமையாக்கிற்று. பல்லாயிரவராயிருந்தோர் சில பத்தாண்டுகளில் ஏறத்தாழ 600 பேராகக் குறைந்தனர். ஆளற்ற ஊர்களில் தூண்கள் மட்டும் நின்றன. பின்னர் மரம் வெட்டும் கம்பனிகள் வந்தன.

1985 இல் லயல் தீவில் ஹைடா மக்கள் பாதையை மறித்து நின்றார்கள். மூதாளர்கள் உட்பட 72 பேர் கைதாயினர். அதே ஆண்டில், அரசாங்கத்தின் அனுமதிக்குக் காத்திராமல், அப்பகுதியைத் தம் மரபுரிமைப் பிரதேசமாக அவர்களே பிரகடனஞ் செய்தார்கள். 1987 இல் மத்திய அரசும் மாகாண அரசும் உடன்பட, அங்கே மரம் வெட்டுதல் நின்றது. ஆனால் கோடரி போய்ப் பூங்கா வந்துவிட்டால் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானை வேடர்கள் வேட்டையாடித் தேனெடுத்த காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட காடாயிற்று. வேடர் தலைவர் திசாஹாமி இடம்பெயர மறுத்து அங்கேயே வாழ்ந்து 1998 இல் மறைந்தார். விலங்கைக் காக்கும் சட்டத்தில் மனிதனுக்கு இடமில்லாமற் போனது விந்தைதான்.

ஹைடா மக்கள் வேறு வழி கண்டார்கள். 1993 இல் அவர்களும் கனடிய அரசாங்கமும் கைச்சாத்திட்ட குவாய் ஹானாஸ் உடன்படிக்கையை ஒரு தமிழாசிரியன் வாசிக்கும்போது கண்ணிற்படுவது அதன் அமைப்பே. தொடக்கத்தில் இரண்டு நிரல்கள். ஒன்றில், இந்நிலம் ஹைடா மக்களது நிலம், எம் பரம்பரைத் தலைவர்களின் இறைமைக்குட்பட்டது என்ற கூற்று. மற்றதில், இது முடிக்குரிய நிலம் என்ற அரசின் கூற்று. இரண்டும் அருகருகே நிற்கின்றன. இருவருக்கும் பொதுவாக ஒரு மழுப்பற் சொல்லைத் தேடி ஒட்டியிருக்கலாம். நம் அரசியல் ஆவணங்களில் அத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. உரிமை பற்றி உடன்படவில்லை என்பதை எழுதிவைத்துவிட்டு, காட்டைக் காப்பதில் உடன்பட்டார்கள். முகாமைத்துவச் சபையில் இரு தரப்புக்கும் சரிபாதி இடம். தீர்மானங்கள் ஒருமித்த கருத்தாலேயே.

2010 இல் கடலும் சேர்க்கப்பட்டது. மலையுச்சி தொடங்கிக் கடலடி வரை ஏறத்தாழ 5000 சதுர கிலோமீற்றர் இன்று காவலில் உள்ளது. அதே 2010 இல், 1787 இல் வந்த ஆங்கிலேயக் கப்பற்றலைவன் தன் கப்பலின் பெயரால் இட்ட ‘குயீன் சார்லட்’ தீவுகள் என்ற பெயரை, ஒரு சீடர்ப் பெட்டியில் வைத்து மாகாண முதல்வரிடம் திருப்பிக் கொடுத்தார்கள்! சினமில்லாத இந்த நையாண்டியை நான் பெரிதும் இரசித்தேன். 2024 இல் மாகாண அரசும் 2025 இல் மத்திய அரசும் ஹைடா மக்களின் நிலவுரிமையை ஏற்றுக்கொண்டன. நிரல்களிரண்டும் நெருங்கிவர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கின்றன.

பழைய தூண்களின் உச்சியில் உயர்ந்த தொப்பியணிந்த மூன்று காவலர் உருவங்களைக் காணலாம். அவர்களின் பெயரைத் தாங்கியே, 1981 முதல் ஹைடா காவலர்கள் கோடைதோறும் பழைய ஊர்களில் தங்கிக் காவல்புரிகின்றனர். ஸ்காங் குவாய் என்னும் ஊர் அவ்வாண்டிலேயே உலக மரபுரிமைத் தலமாயிற்று. ஆயினும் அங்குள்ள தூண்கள் உளுத்துச் சாய்ந்து மண்ணோடு மண்ணாவதே முறை என்பது அவர்களின் மரபு.

2013 இல் லயல் தீவில் புதிய தூணொன்றைக் கயிறு கட்டிக் கைகளால் இழுத்து நிறுத்தினார்கள். அப்பகுதியில் 130 ஆண்டுகளுக்குப் பின் எழுந்த முதல் தூண் அது. 1985 இல் பாதையை மறித்தவர்கள், கைகோத்த உருவங்களாக அதிலே நிற்கிறார்கள்.