கதிரவனில் அறுந்து இணையும் காந்தக் கோடுகள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வயிற்றுப்பாடே பெரும்பாடாக உள்ள நமக்குக் கதிரவனைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய விடையை இறுதியில் கூறுவோம்.

கோவை நூற்பாலைகளில் உழைத்தோர் இங்குப் பலர் உளர். அறுந்த இழையை இணைப்பது அவர்தம் கை அறிந்த தொழில். கதிரவனிலும் அத்தகையதொரு நிகழ்ச்சி உண்டு. அங்குள்ள வாயு கடும் வெப்பத்தால் மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்துள்ளது. இதனைப் பிளாஸ்மா என்பர். அதனூடே காந்தப்புலம் பரவியுள்ளது. எதிரெதிர்த் திசைகொண்ட காந்தக் கோடுகள் நெருக்குண்டு சந்திக்கையில், அவை அறுந்து, ஒன்றன் முனை மற்றொன்றன் முனையோடு இணைகிறது. இதுவே காந்த மறுஇணைப்பு.

ஆனால், ஒட்டிய நூலிழை அமைதி கொள்ளும். புதிதாய் இணைந்த காந்தக் கோடோ, இழுத்துவிட்ட உண்டிவில்லின் ரப்பரைப் போல் சட்டென்று சுருங்கும். தேங்கியிருந்த ஆற்றல் வெளிப்படும். அங்கு எழும் மின்புலம் துகள்களை உந்துகிறது. சுருங்கும் காந்த வளையங்களில் அகப்பட்ட துகள்கள், நெருங்கிவரும் இரு சுவர்களிடையே சிக்கிய பந்தினைப் போல், மோதுந்தோறும் வேகம் பெறுகின்றன. சில, ஒளியின் வேகத்தையே நெருங்குகின்றன.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2015 ஜூன் 22 இரவு, கதிரவன் வீசிய பிளாஸ்மா மேகம் ஒன்று புவியைத் தாக்கியது. அதன் காந்தப்புலம் புவியின் புலத்திற்கு எதிர்த்திசையில் இருந்தமையால் மறுஇணைப்பு நிகழ்ந்து, நம் காந்தக் கவசம் தளர்ந்தது. அண்டக் கதிர்கள் மிகுதியாக நுழைந்தன. ஏறத்தாழ 2 மணி நேரம் மியூவான் துகள்கள் பெருகியதை, நம் அண்டையிலுள்ள உதகையில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தின் 3712 எண்ணிக் குழாய்கள் பதிவு செய்தன. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று கதிரவனை நோக்குகிறது. அதன் திட்ட இயக்குநராகப் பணியாற்றிய நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்த பெண்மணி.

இனி, விடை கூறுவோம். பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நாம். இயற்கையின் விதி எவரையும் ஒதுக்குவதில்லை, ஒதுக்கியவர் மனிதரே. இன்றும், "இயற்பியல் உங்களுக்குக் கடினம்" என்று கூறி நம் பிள்ளைகளை வேறு பாடத்திற்குத் திருப்பிவிடுவோர் உளர். அச்சொல்லை நாமும் நம்பிவிட்டால், ஒதுக்குவோர் பணியை நாமே செய்தவராவோம். பெற்றோரே, பத்தாம் வகுப்பு முடித்த மகளை ஆலைக் கூலிக்கு அனுப்பாதீர். விரும்பிய பாடத்தைப் பயில விடுங்கள். உதகையின் குழாய்களை நாளை நம் பிள்ளைகளும் எண்ணட்டும்!