சாம்பார் வாளியைக் கையில் கொடுங்கள்!



நான் ஓசூரிலிருந்து வருகிறேன். தொழிற்சாலையில் வேலை. பத்து வருஷமாக ஒரு சேவைச் சங்கத்தில் உறுப்பினர்.

எதிரணி நண்பர் சொன்னார்: "இப்ப யாருக்குங்க சேவை மனசு இருக்கு? எல்லாரும் செல்போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அதனாலதான் சங்கத்துல ஆள் நிக்க மாட்டேங்குது."

அதே செல்போனில், ராத்திரி ஒரு மணிக்கு, "விபத்துக் கேஸ், ரத்தம் வேணும்" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். செகண்ட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பையன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். மனசு இருக்கிறது ஐயா! அந்தப் பையன் ஏன் நம் சங்கத்தில் மூன்று மாதம்கூட இருப்பதில்லை? அதுதான் கேள்வி. (கைதட்டல்)

எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? 1970-களில் சிப்காட் வந்தது. லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று அடுத்தடுத்து ஆலைகள் வந்தன. திருநெல்வேலிக்காரர் வந்தார், தஞ்சாவூர்க்காரர் வந்தார். கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். அத்திப்பள்ளி போனாலே கர்நாடகம். இப்படி வந்து சேர்ந்தவனுக்குச் சம்பளம் இருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிட நாலு மனுஷங்க இல்லை.

சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீலுக்கும் இதே கதைதான். சின்ன ஊரில் வளர்ந்து பெரிய நகரத்துக்கு வந்தவர். பழக ஆள் இல்லை. 1905 பிப்ரவரி 23-ஆம் தேதி, ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடைக்காரர், இவர் என்று நாலு பேர் கூடினார்கள். அதுதான் ரோட்டரி சங்கம். இந்த வாரம் என் ஆபீஸ், அடுத்த வாரம் உன் ஆபீஸ் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது.

நல்லா கவனியுங்கள் நடுவர் அவர்களே! பெயரே சுழற்சி. எங்கள் ஊர்க்காரனுக்கு வேலையும் ரொட்டேஷன் ஷிப்ட். ஆனால் பல ஊர்களில் கூட்டம் மட்டும் அசையவே அசையாது. அதே ஓட்டல், அதே கிழமை, அதே ராத்திரி எட்டு மணி! (சிரிப்பு) ரோட்டரியே 2016-ல் விதியைத் தளர்த்தி, வாராவாரம் கூட வேண்டாம், மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று இடம் கொடுத்துவிட்டது. இன்னும் சிலருக்கு மனசு தளரவில்லை!

அதே ரோட்டரி பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1989-ல். ஆரம்பித்து 84 வருஷம் கழித்து! இன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்ட ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். விடுதியில் தங்கியிருக்கும் பொண்ணு ராத்திரிக் கூட்டத்துக்கு எப்படிங்க வரும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டால் வரும்.

ஒரு சங்கத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புதிதாக ஒரு ஃபிட்டர் சேர்ந்தார். பேட்ஜ் குத்தினார்கள், சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் சந்தா கேட்டார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் டின்னருக்குப் பணம் கேட்டார்கள். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. நாலாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. "அவருக்கு ஆர்வம் இல்லீங்க" என்று எழுதி முடித்துவிட்டார்கள்!

அவரை எங்கள் சங்கத்துக்குக் கூப்பிட்டோம். முதல் வாரமே ஒரு அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போனோம். பதினோரு குழாயில் ஏழு ஒழுகிக்கொண்டிருந்தது. அரை நாளில் சரி செய்தார். பிள்ளைங்க தண்ணி பிடிச்சுக் குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே நின்னார். அடுத்த மாதம் தன் ஷிப்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கேட்கவே இல்லை! (கைதட்டல்)

போலியோ ஒழிப்பில் 1985-லிருந்து ரோட்டரி இறங்கியது. இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27-ல் நம் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது. அரசாங்க ஊழியர்களோடு தொண்டர்களும் சேர்ந்து நின்றார்கள். ஒருத்தர் மருந்துப் பெட்டி தூக்கினார், ஒருத்தர் விரலில் மை வைத்தார். ஆளுக்கொரு வேலை இருந்தது.

"பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிடறாங்களே, என்ன பண்றது?" என்பீர்கள். போகட்டும். அந்த ஊர்ச் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். பொண்ணு கல்யாணமாகிப் போனால் உறவு குறைந்தது என்றா சொல்வோம்?

கல்யாண வீட்டில் பாருங்கள். சும்மா உட்கார வைத்த விருந்தாளி சாப்பிட்டதும் செருப்பைத் தேடுவார். சாம்பார் வாளியைக் கையில் கொடுத்த சித்தப்பா கடைசிப் பந்தி வரை நகர மாட்டார்! (பலத்த கைதட்டல்)

ஆகவே, சேவை மனம் மக்களிடம் குறையவில்லை. சேர்ந்தவருக்கு வேலை கொடுக்காத சங்க முறையில்தான் குறை என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.