வீடியோக்காரர்களுக்குச் சங்கம் எதற்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)

 

ஆளுக்குப் பத்து நிமிடம் அவரவர் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் ஆரல்வாய்மொழி, தோவாளை வட்டாரத்தில் வீடியோ எடுக்கிறவன். மேடைக்கு எதிரே நின்றுதான் பழக்கம். மேடைமேல் நின்று பழக்கமில்லை. அதனால் தொழில்நுட்பம் பேசி உங்களைச் சோதிக்காமல், இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஒன்று கூடிய கதையைச் சொல்கிறேன்.

சங்கம் என்றால் கொடி, கோஷம், வேலைநிறுத்தம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சென்னையில் சினிமாத் தொழிலாளர் சங்கங்களைக் கட்டியவர்களில் முக்கியமான இருவர் ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். கோஷ் வங்காளத்தில் 1950-இல் 'சின்னமூல்' எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர். 1960-இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தில் இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். லைட் தூக்குகிறவர் முதல் வயலின் வாசிக்கிறவர் வரை எல்லாருக்கும் நியாயமான கூலி வேண்டும் என்று பாடுபட்டார்கள். அந்த முயற்சிகளின் தொடர்ச்சிதான் இன்றைய பெப்சி அமைப்பு.

ஆனால் அந்த வழி எங்களுக்குச் சரிப்படாது. சினிமாவில் எதிரே ஒரு முதலாளி உண்டு, பேரம் பேசலாம். எங்களுக்கோ ஒவ்வொரு கல்யாண வீடும் ஒரு முதலாளி. அவரும் ஒரு நாள் முதலாளிதான். மறுநாள் அவரே கடன்காரர்! வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. ஷூட்டிங்கைத் தள்ளி வைக்கலாம், முகூர்த்தத்தைத் தள்ளி வைக்க முடியுமா? ஆகவே எங்கள் சங்கங்கள் சண்டைக்காக ஏற்பட்டவை அல்ல. ஒருவருக்கு ஒருவர் கைகொடுக்க ஏற்பட்டவை.

தொழில் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் ஜேவிசி கம்பெனி 1976-இல் விஎச்எஸ் கேசட்டைக் கொண்டுவந்தது. 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. அதன்பின் டிவியும் டெக்கும் ஊர்களுக்குள் நுழைந்தன. வீடியோவில் படம் போட்டுக் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-இல் தமிழக அரசு தனிச்சட்டமே கொண்டுவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படம் பார்த்த சனங்களுக்கு, தாங்களும் அந்தப் பெட்டிக்குள் வரவேண்டும் என்று ஆசை வந்தது. கல்யாண வீடியோ பிறந்தது.

அன்றைக்குக் கேமரா என்பது தோளில் சுமக்கிற பாரம். எடிட்டிங் என்றால் இரண்டு டெக்கை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவது. நம் ஊருக்கென்று கூடுதலாக ஒரு சோதனை உண்டு. அதுதான் கணவாய்க் காற்று! முப்பந்தலில் காற்றாடியைச் சுற்றுகிற அதே காற்று ஆனி மாதக் கல்யாணப் பந்தலுக்குள்ளும் புகும். மைக்கில் 'உர்ர்' என்ற இரைச்சல்தான் கேட்கும், நாதஸ்வரம் கேட்காது. மைக்குக்குப் பஞ்சு மாட்டுவது முதல் எந்தப் பக்கம் முதுகு காட்டி நிற்பது என்பது வரை ஒருவரிடமிருந்து ஒருவர் படித்தோம். பெயர் வைக்காத முதல் சங்கம் அதுதான்.

அடுத்தது, ஆள் மாற்றுவது. முகூர்த்தத்தன்று காலையில் கேமராக்காரருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் போய் நிற்பார்; காசு காய்ச்சல்காரருக்கே போகும். எழுதாத சட்டம் இது. பின்னர் 2001 ஜூலையில் போட்டோ, வீடியோ தொழில்கள் சேவை வரிக்குள் வந்தன. வரி 5 சதவீதம். ஆண்டுக்கு 4 லட்சம் வரை வாங்குகிற சிறியவர்களுக்கு 2005 ஏப்ரலில்தான் விலக்குக் கிடைத்தது. "ஆடிட்டர் கேட்டா என்ன சொல்லுகது?" என்று தனித்தனியே பயந்தவர்கள் ஓரிடத்தில் கூடி உட்காரத் தொடங்கினார்கள்.

இதில் களியக்காவிளைக்கு அப்பால் இருக்கிறவர்கள் நமக்கு மூத்தவர்கள். ஆல் கேரளா போட்டோகிராபர்ஸ் அசோசியேஷன் 1984-லேயே தொடங்கிவிட்டது. கீழே யூனிட், அதற்குமேல் மேகலை, மாவட்டம், மாநிலம் என்று படிப்படியான அமைப்பு. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவ 'சாந்த்வனம்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை ஒரே சமஸ்தானமாகவும் மாநிலமாகவும் இருந்தவர்கள்தானே நாம்! நல்லதைப் பார்த்துப் படிப்பதில் வெட்கமென்ன?

இதன் அருமை எங்களுக்கு 2020-இல் புரிந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் அத்தனையும் போயின. கல்யாணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாடு வந்தபோது, "50 பேருல நீங்க ரெண்டு பேரா? மருமவன் பய செல்போன்லயே எடுத்திருவான், அண்ணாச்சி ஒண்ணும் நினைக்காதிய" என்றார்கள். கேமராவுக்கு வாங்கிய கடனோ தவணை கேட்டது. பொது நிதி வைத்திருந்தவர்கள் அரிசி, மருந்து என்று கொடுத்துச் சமாளித்தார்கள். இல்லாதவர்கள் கேமராவை விற்றார்கள். சங்கம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

இனி உங்களிடம் இரண்டு கோரிக்கைகள்.

மாணவர்களுக்கு: உங்கள் கையில் இருக்கும் போனில் எங்கள் பழைய கேமராவைவிட நல்ல படம் விழுகிறது. உங்களில் பலர் இந்தத் தொழிலுக்கு வருவீர்கள். ரேட்டைப் பாதியாக்கி அடுத்தவன் வேலையைப் பிடிப்பது எளிது. மறுவருஷம் உங்கள் ரேட்டையும் ஒருவன் பாதியாக்குவான். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். தொழிலுக்கு வந்ததும் முதலில் அந்த ஏழு பேரைத் தேடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு: உங்கள் வீட்டு அலமாரியில் கல்யாணக் கேசட் ஒன்று கிடக்கும். நம் ஊர் ஈரத்துக்கு அதில் பூஞ்சை பிடிக்கும், பதிவும் மங்கும். புதிய டெக் வாங்கலாம் என்றால், ஜப்பானின் புனாய் கம்பெனியும் 2016-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. உங்கள் அப்பாவும் அம்மாவும் சிரித்துப் பேசியது அந்தக் கேசட்டில் மட்டுமே இருக்கலாம். ஓடுகிற டெக் இன்னும் சில பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் உண்டு. ஒருவரிடம் டெக், ஒருவரிடம் கம்ப்யூட்டர், ஒருவரிடம் ரிப்பேர் அறிவு. இவர்களைச் சேர்த்தால் இந்த வட்டாரத்துக் கேசட்டுகளையெல்லாம் காப்பாற்றலாம். நம் முன்னாள் மாணவர் சங்கம் இதற்கு ஓர் அறையும் ஒரு கோடை விடுமுறையும் தந்தால் போதும். வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கேசட்டுகள் நமக்காகக் காத்திருக்கமாட்டா. இந்த ஆண்டே தொடங்குவோம் என்று கேட்டு அமர்கிறேன்.