அளவறிந்து வாழ்தலே அட்சயம்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அட்சய திருதியை என்றவுடன் நகைக்கடை வாயிலில் திரளும் கூட்டமே இன்று பலர் நினைவுக்கு வருகின்றது. ஜைனர்க்கோ இந்நாள், ஆதிபகவன் விருஷப தேவர் முதற்பாரணை கொண்ட திருநாள். துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பிருந்த பகவான், அதன்பின் ஆகாரத்திற்காக எழுந்தருளினார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அக்கால மக்கள் அறிந்திலர். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து திருமுன் வைத்தனர். அவற்றுள் ஒன்றையும் ஏலாது பகவான் அகன்றார். இவ்வாறே மேலும் பல திங்கள் கழிந்தன. அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன், முற்பிறவி நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாறு அளித்தான். நோன்பு நிறைவுற்றது.

குவித்த பொன்னால் ஆகாததைக் கையளவு கருப்பஞ்சாறு செய்தது. வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெளிவதே இந்நாள் தரும் பாடம். அந்நாளிலேயே கடன் பெற்றுப் பொன் வாங்குவது பொருந்துமா என்பதை ஒவ்வோர் இல்லமும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொருளீட்டுதலை ஜினதருமம் விலக்கவில்லை. வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களை உலகிற்குக் கற்பித்தவரே ஆதிபகவன்தான். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ் ஜைனர் வழிவழியாக உழவர்கள். மழை பொய்த்தால் வீடு என்ன ஆகும் என்பதை அவர்கட்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழகம் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது, மாதச் சம்பளமே நிலையானது என்றிருந்த நகரக் குடும்பங்களும் கலங்கின. இத்தகைய காலம் மீண்டும் வராது என்று உறுதி கூற இயலாது.

இதற்கு அறநூல்கள் வகுத்த காப்பு, ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகிய பொருள் வரைதல். நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கால்நடை, ஆடை, கலம் முதலியவற்றில் இவ்வளவு போதும் என்று இல்லறத்தார் தாமே எல்லை வகுத்தல் அது. இதற்குத் துணையாக நிற்பது போகோபபோக பரிமாணம். உணவு, மலர் போல ஒருமுறை துய்த்து ஒழிவன போகம். ஆடை, அணிகலன் போலப் பன்முறை துய்ப்பன உபபோகம். இரண்டிற்கும் அளவு வேண்டும். சமந்தபத்ர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம் இதில் இருவகை காட்டுகின்றது. வாழ்நாள் முழுவதும் கொள்வது யமம். காலவரையறையோடு கொள்வது நியமம். ஆதலின் ஓராண்டுக்கு மட்டும் அளவு வகுத்துத் தொடங்குதலும் முறையே.

ஒரு கணக்கைக் காண்க. மாத வருவாய் 33,000 ரூபாய்; செலவு 30,000 ரூபாய். ஆறு மாதச் செலவிற்கு 1,80,000 ரூபாய் ஒதுக்க விரும்பும் அக்குடும்பம், மாதம் 3,000 வீதம் சேர்த்தால் 60 மாதங்கள் ஆகும். செலவை 27,000 ஆகக் குறைத்தால் சேமிப்பு 6,000 ஆகின்றது. ஆறு மாதத்திற்கு வேண்டிய தொகையும் 1,62,000 ஆகக் குறைகின்றது. 27 மாதங்களில் அது சேர்ந்துவிடும். எளிய வாழ்வு சேமிப்பைப் பெருக்குவதோடு தேவையையும் சுருக்குகின்றது. வருவாய் ஒரு ரூபாயும் கூடாமலே, ஐந்தாண்டு இரண்டேகால் ஆண்டாகின்றது.

எதனைக் குறைப்பது? முதலில் தவணைக் கடனில் வாங்கும் பொருள்களை. அடுத்து, பிறர் மெச்ச வேண்டிச் செய்யும் செலவுகளை. ஒருநாள் திருமணத்திற்காக விளைநிலத்தை விற்ற குடும்பம், அந்நிலத்தின் நெல்லையும் மணிலாவையும் ஆண்டுதோறும் இழக்கின்றது. நகையைத் திரும்ப விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் கைக்கு வருவதில்லை. எஞ்சிய சோற்றைக் கொட்டுதல், ஆளில்லா அறையில் விளக்கு எரிய விடுதல் முதலியன பயனின்றி உயிர்க்குத் தீங்கு செய்தலாகிய அனர்த்த தண்டத்தின்பாற் படும். கதிரவன் மறையுமுன் உண்ணும் வீட்டிலும் நீரை வடிகட்டிப் பருகும் வீட்டிலும் அளவறியும் பயிற்சி முன்னரே உண்டு. அதனைச் செலவுக்கும் விரித்தலே இப்போது வேண்டுவது.

குறைக்கலாகாதனவும் உள. முதியோர் மருந்து, பிள்ளைகள் கல்வி, வளரும் குழந்தையின் உணவு ஆகியவற்றில் கைவைத்தல் எளிமையன்று. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானத்தை நிறுத்துதலும் அவ்வாறே. தானம் ஒழிந்த சிக்கனம் கருமித்தனமாகிவிடும். வேலை இழந்த உறவினர்க்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புவதற்கும் சிறிது ஒதுக்கிய கணக்கே ஜைன இல்லத்தின் கணக்கு.

விரதம் தானே மனமொப்பி ஏற்பது. தலைவர் தம் செலவைத் தொடாது, இல்லாள் புடவையையும் பிள்ளைகள் தின்பண்டத்தையும் மட்டும் குறைத்தால் அது விரதமாகாது. அனைவரும் கூடியமர்ந்து, கடன் எவ்வளவு, வருவாய் எவ்வளவு என்று மறைவின்றிப் பேசி, ஒவ்வொருவரும் தாம் விடுவதைத் தாமே சொல்லல் வேண்டும். அதனை எழுதி வைத்து, அடுத்த அட்சய திருதியையில் எடுத்துப் பார்த்தல் நலம்.

வறுமை வந்து எல்லை வகுத்தால் அது துன்பம். வளம் உள்ளபோதே தாம் எல்லை வகுத்தால் அது விரதம். உண்ணும் சோறு ஒன்றேயாயினும் முன்னதில் ஏக்கமும் பின்னதில் அமைதியும் விளைகின்றன. அட்சயம் என்பதற்குக் குறையாதது என்று பொருள். வேண்டுவதன் அளவை அறிந்த இல்லத்தில் பொருள் குறைந்த காலத்தும் நிறைவு குறைவதில்லை.

வாழ்க ஜினதருமம்.