மாத்திரையை நிறுத்துமுன்

(தோட்ட மகளிர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மார்பகப் புற்றுநோய் பற்றிய கூட்டங்களில் கட்டியைக் கண்டறிவது பற்றியும் அறுவைச் சிகிச்சை பற்றியும் விரிவாக எடுத்துரைக்கப்படுகின்றது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் மருத்துவர் ஒரு சிறு மாத்திரையைக் கொடுத்து, "இதனை ஐந்தாண்டுகளுக்கு நாள்தோறும் உண்ணுங்கள்" என்று கூறி அனுப்புகின்றாரே, அதன் பின்னர் அவர் படும் பாடு பெரும்பாலும் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. இன்று நாம் அதைப் பற்றியே பேசவிருக்கின்றோம். ஏனெனில், அம்மாத்திரையை இடைநடுவில் நிறுத்திவிடுவோர் பலர் உளர். எல்லாரும் மறதியால் நிறுத்துகின்றனர் என்று எண்ணிவிட வேண்டா. அது தரும் தொல்லையைத் தாங்கவும் இயலாமல், வாய்விட்டுச் சொல்லவும் கூசி, நிறுத்திவிடுவோரே மிகுதி.

இம்மாத்திரை உடலில் என்ன செய்கின்றது? நாம் நன்கறிந்த பால்மரத்தைக் கொண்டே விளக்குவோம். வெட்டுப்பட்டையில் ஊக்கி மருந்தைச் சிறிதளவு பூசினால் பால் கூடுதலாக வடிகின்றது. அம்மருந்திலிருந்து வெளிப்படும் எத்திலீன், மரஞ்செடிகளுக்குரிய ஓர் இயக்குநீர். ஆங்கில மருத்துவர் ஹார்மோன் என்பது இதனையே. பெண்ணின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் உண்டு. மார்பகப் புற்றுநோய்களுள் பத்தில் ஏழெட்டு இந்த ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் வளர்பவை. 1896ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரின் மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகத்தை அகற்றியபின் மார்பகப் புற்று சுருங்கியதைக் கண்டு எழுதினார். இன்று பெரும்பாலோர்க்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1973இல் பிரிட்டனில் பயன்பாட்டுக்கு வந்த தமொக்சிபென் என்னும் மாத்திரை, ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடத்தைத் தான் முந்திக்கொண்டு பிடித்துக்கொள்கின்றது. மங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டால், பால் வடிந்தாலும் அதில் தங்காதல்லவா? அதுபோலத்தான். மாதவிடாய் நின்றுவிட்ட பெண்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைகளும் தரப்படுவதுண்டு. இவை ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே குறைத்துவிடுகின்றன.

பயன் சிறிதன்று. பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே திரட்டி 2011இல் வெளிவந்த அறிக்கையின்படி, இவ்வகைப் புற்றுநோய்க்கு 5 ஆண்டுகள் தமொக்சிபென் உண்டவர்களிடையே, அந்நோயால் நேரும் இறப்பு முதல் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதாவது, மாத்திரையை நிறுத்திய பின்னரும் அதன் காவல் தொடர்கின்றது. ஆனால் அந்தக் காவல் நாள் தவறாமல் உண்டவர்க்கே முழுமையாகக் கிட்டும்.

இனித் தொல்லைகளுக்கு வருவோம். முதலாவது, உடலில் திடீரென எழும் வெப்பம். முகமும் கழுத்தும் நெருப்புப் பட்டாற்போல் சிவந்து, வியர்வை ஆறாய்ப் பெருகி, சில நிமிடங்களில் தணிந்துவிடும். இரவில் வந்தால் படுக்கையே நனைந்துபோகும். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் செல்லவேண்டிய பெண்ணுக்கு, இரவில் மூன்று முறை எழுந்து உடைமாற்றுவது எத்தகைய துன்பம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பருத்தி ஆடையே இதற்கு ஏற்றது. கொசுக்கடிக்கு அஞ்சி நீண்ட கைச்சட்டை அணிந்து காட்டுக்குச் செல்வோர் அதனைக் கழற்ற வேண்டா. உள்ளாடை மெல்லியதாக இருக்கட்டும், கழுத்தில் நனைத்த துவாலை ஒன்று இருக்கட்டும், தண்ணீர்ப் புட்டி நிரையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான காப்பி, மிகுந்த காரம், மது ஆகியவை சிலர்க்கு இவ்வெப்பத்தைத் தூண்டுகின்றன. எது தமக்கு ஒவ்வவில்லை என்பதை இரண்டு வாரம் குறித்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மாத்திரை உண்ணும் வேளையைக் காலையிலிருந்து மாலைக்கோ, மாலையிலிருந்து காலைக்கோ மாற்றிப் பார்ப்பதும் சிலர்க்கு நலம் தருகின்றது.

இவற்றால் தீராவிடின் மருத்துவரிடம் கூறுங்கள். இவ்வெப்பத்தைத் தணிக்க, ஹார்மோன் கலவாத மருந்துகள் உள்ளன. இங்கே ஓர் எச்சரிக்கை. மனச்சோர்வுக்கெனத் தரப்படும் மாத்திரைகளுள் பரோக்செட்டின், புளூவோக்செட்டின் ஆகிய இரண்டும் தமொக்சிபெனின் ஆற்றலைக் குறைக்கக் கூடியவை. ஆதலின், காய்ச்சலுக்கோ தூக்கமின்மைக்கோ எந்த மருத்துவரிடம் சென்றாலும், தாம் உண்ணும் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். பெயர் நினைவில் நில்லாவிடின் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். சந்தைகளில் பெண்களுக்கென விற்கப்படும் மூலிகைகளையும், காசிப் பாத்திமா போன்றவற்றையும், மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. அவற்றுள் சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜனை ஒத்த இயல்பு இருக்கலாம். சோயாவினால் ஆன தவ்வு, தெம்பே முதலியவற்றை உணவாக உண்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

லெட்ரோசோல் போன்றவற்றை உண்போர்க்கு மூட்டுவலி பெருந்தொல்லை. காலையில் விரல்கள் மடங்க மறுக்கும். பால்வெட்டுக் கத்தியைப் பற்றினால் வலிக்கும். "வயதாகிவிட்டது" என்று பலர் பொறுத்துக்கொள்கின்றனர். பொறுத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். எழுந்தவுடன் வெந்நீரில் கைகளை வைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவது நன்று. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டுக் காலம் வாரத்திற்கு 150 நிமிட நடை போன்ற பயிற்சியும், இருமுறை தசைப் பயிற்சியும் செய்த பெண்களுக்குக் கடுமையான மூட்டுவலி ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது. "நாங்கள் நடக்காத நடையா?" என்று நீங்கள் கேட்பது நமக்குக் கேட்கின்றது. உண்மைதான். ஆயினும் மரத்துக்கு மரம் நின்று நின்று செல்வதும், ஒரே தோளுக்கு நாள்தோறும் வேலை கொடுப்பதும் பயிற்சியாகிவிடா. வலி குறையாவிடின், மருத்துவர் அதே வகையில் வேறொரு மாத்திரைக்கோ தமொக்சிபெனுக்கோ மாற்றித் தரலாம். இம்மாத்திரைகள் எலும்பையும் மெலியச் செய்வதால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் சோதனை பற்றிக் கேளுங்கள். முள்ளோடு உண்ணும் நெத்திலி, பால், முருங்கைக் கீரை ஆகியவை சமையலில் இடம்பெறட்டும்.

சில தொல்லைகளைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. தமொக்சிபென் உண்பவர்க்கு, மாதவிடாய் நின்ற பின் சிறிதளவு உதிரம் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாகக் கருப்பையில் புற்று தோன்றுவதுண்டு. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகலாம். அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும், சம்பள நாள் கழியட்டும் என்று காத்திருக்கலாகாது. கருத்தரிக்கும் வயதினர் மாத்திரை உண்ணும் காலத்தில் கருவுறாமல் காத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைப் பயன்படுத்தலாகாது. ஹார்மோன் இல்லாத வேறு முறையைத் தாதியிடம் கேட்டறிக.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆடவர்க்கும் ஒரு சொல். இம்மாத்திரைகளால் பிறப்புறுப்பில் வறட்சி ஏற்பட்டு, தாம்பத்திய உறவு வேதனை தருவதாகலாம். மனம் சோர்ந்து சிடுசிடுப்பும் தோன்றலாம். மனைவி விலகுகின்றாள் என்று மனங்கசந்து, வீட்டில் பூசல் வளர்த்துவிட வேண்டா. நீர்ப்பசையான வழுக்குப் பொருள்கள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றைப் பற்றிக் கேட்பதால் எந்தத் தாதியும் உங்களை ஏளனம் செய்யப் போவதில்லை. இரவில் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பதும் கணவர் செய்யக்கூடிய உதவியே.

ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால், அன்றே நினைவுக்கு வரின் உண்ணலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணக் கூடாது. உண்டதும் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் ஒரு கோடிட்டு வைத்தால் ஐயம் எழாது. ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் எவரேனும் இங்கிருப்பின், மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சி அடுத்த தவணையைத் தவிர்க்க வேண்டா. எத்தனை வாரமாக உண்ணவில்லை, எந்தத் தொல்லையால் நிறுத்தினீர்கள் என்பதை உள்ளபடி கூறுங்கள். மீண்டும் தொடங்கலாமா, வேறு மாத்திரைக்கு மாறலாமா என்பதை அவர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.

எல்லார் முன்னிலையிலும் எழுந்து கேட்கத் தயங்கும் தாய்மார்கள், நம்முடன் வந்துள்ள தாதியை மண்டபத்தின் பக்கத்து அறையில் தனியே காணலாம். அவர் மாலை ஐந்து மணிவரை அங்கிருப்பார்.