ராணா பிளாசா உணர்த்தும் பாடம்

2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடச் சுவர்களில் பெரும் விரிசல்கள் தோன்றின. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆயத்த ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை கட்டாயப்படுத்தி உள்ளே அனுப்பப்பட்டனர். கட்டடம் இடிந்தது, 1,134 பேர் மாண்டனர்.

ஏன் இந்த வேறுபாடு? வங்கிக்குச் சரக்கைக் கப்பலேற்றும் கெடு இல்லை. அக்கெடுவையும் கொள்முதல் விலையையும் விதிக்கும் பன்னாட்டு நிறுவனங்களோ, ஆலை தமதன்று எனக் கைகழுவுகின்றன.

உலகமயம் வறுமையை ஒழித்தது என்பர். வேலை வந்தது மெய்யே. ஆனால் அன்று குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாக்கா. அவ்வாண்டு இறுதியில் அதை 5,300 ஆக உயர்த்தியது சந்தையன்று, தொழிலாளர் போராட்டமே. வலுவான சங்கம் இருந்திருப்பின், ‘உள்ளே செல்லோம்’ என அன்று காலை மறுத்திருக்க இயலும். அச்சங்கத்தைக் கட்டுவதே நம் கடமை.